நாடாவின் நாமமும் கமராவின் நலமும்

தீப்பெட்டியிலும் சற்றே பெரிதான ஒரு சிறு பேழை. நீளம் 66 மில்லிமீற்றர். அகலம் 48 மில்லிமீற்றர். கனம் 12 மில்லிமீற்றருக்குச் சிறிது மேல். அதனுள்ளே கால் அங்குல அகலமுள்ள நாடா ஏறக்குறைய 68 மீற்றர் நீளத்துக்குச் சுற்றப்பட்டிருக்கும். மினி டி.வி. கசற் என்பது அதன் பெயர். ஈண்டு டி.வி. என்பது தொலைக்காட்சியைக் குறிப்பதன்று. இலக்கமுறை வீடியோ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்கள் அவை. 1995ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள்வரை, கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர் முதல் ஐரோப்பியத் திரைப்பட நெறியாளர் ஈறாகப் பலரும் தங்கள் காட்சிகளை இப்பேழைக்குள்ளேயே சேமித்து வைத்தனர். பின்னர் நினைவட்டை வந்தது, கைத்தொலைபேசி வந்தது, பேழைகள் அலுமாரியின் அடித்தட்டுக்குச் சென்றன. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துடன் சோனி நிறுவனமும் இவ்வகைக் கசற்றுக்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

இந்தக் கமராக்கள் வழக்கிலிருந்த நாளில் அவற்றை வைத்திருந்தோரிடையே ஓயாது எழுந்த வினா ஒன்றுண்டு. எந்த நிறுவனத்தின் நாடா சிறந்தது? ஒரு நிறுவனத்தின் நாடாவைப் பயன்படுத்திவந்த கமராவில் மற்றொன்றின் நாடாவை இடலாமா? கலந்து பயன்படுத்தினால் கமராவுக்குக் கேடு விளையுமா? அன்று இவ்வினாவை எழுப்பியவர்கள் புதிய நாடா வாங்கக் கடைக்குச் சென்றவர்கள். இன்று எழுப்புகிறவர்களோ, பதிவு செய்த பழைய நாடாக்களைக் கடைசி முறையாக ஓடவிட்டுக் கணினிக்கு மாற்றிக்கொள்ள எண்ணுகிறவர்கள். அன்று தவறு நேர்ந்தால் ஒரு நாட்படப்பிடிப்புக் கெடும். மறுநாள் வேறு நாடா வாங்கலாம். இன்று தவறு நேர்ந்தால், மறைந்துபோன தாயின் குரலோ, இடிந்துபோன வீட்டின் முற்றமோ திரும்பக் கிடையாது. ஆதலின் பழைய வினாவுக்கு இப்போது கனம் கூடியிருக்கின்றது.

விடை காண்பதற்கு முன், இக்கசற் எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். இதற்கு முன்னர் வீட்டு வீடியோ உலகிலே பீற்றாமக்ஸ் ஒரு பக்கமும் வி.எச்.எஸ். மறு பக்கமுமாக நிறுவனங்கள் பொருதிக்கொண்ட கதை பலரும் அறிந்ததே. அப்போரினால் நட்டமடைந்தவர்கள் தோற்ற பக்கத்து இயந்திரத்தை வாங்கியவர்கள். அவ்வாறு மீண்டும் நேராதவண்ணம் சோனி, மற்சுஷிற்றா, ஜே.வி.சி., பிலிப்ஸ், ஹிற்றாச்சி, தொஷிபா முதலிய பத்து நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பொது நியதி ஒன்றை வகுத்தன. பேழையின் அளவு, நாடாவின் அகலம், அதில் எழுதப்படும் தடத்தின் பருமன், குறிகளின் ஒழுங்கு யாவும் வரையறுக்கப்பட்டன. எனவே எந்த நிறுவனத்தின் கசற்றும் எந்த நிறுவனத்தின் கமராவிலும் பொருந்தும். ஆனால் நாடாவின் மேற்பரப்பிலே பூசப்படும் மசகுப் பொருள் இன்ன பாகத்தினதாக இருத்தல் வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. அஃது அவ்வவ் ஆலையின் தொழில் இரகசியமாகவே இருந்தது. பின்னாளில் எழுந்த குழப்பம் அனைத்துக்கும் வித்து இவ்விடத்திலேயே கிடந்தது.

இனி, கமராவின் உள்ளே நிகழ்வது யாது? நாடா மிக மெதுவாகவே நகர்கின்றது, வினாடிக்கு 18.8 மில்லிமீற்றர் தூரம்தான். எறும்பு ஊரும் வேகம் என்னலாம். ஆனால் அது தழுவிச் செல்லும் உலோக உருளை, விட்டத்தில் 21.7 மில்லிமீற்றர் மட்டுமே உள்ளதாயினும், நிமிடத்துக்கு 9,000 முறை சுழல்கின்றது. அவ்வுருளையின் விளிம்பிலே எதிரெதிராக இரண்டு நுண்ணிய காந்தத் தலைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. உருளையின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு தலையும் நாடாவின் குறுக்கே சாய்வாக ஒரு தடத்தை எழுதுகின்றது. கணக்கிட்டால் வினாடிக்கு 300 தடங்கள். ஒவ்வொரு தடத்தின் அகலமும் 10 மைக்ரோமீற்றர். மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்புக்குள் இத்தகைய தடங்கள் ஏழெட்டு அடங்கிவிடும். நாடாவின் மேல் தலை உராய்ந்து செல்லும் வேகமோ வினாடிக்கு ஏறத்தாழ 10 மீற்றர்.

இலக்கமுறை என்னும் சொல்லைக் கேட்டதும் தேய்வும் தூசும் அண்டாத ஏதோவொரு தூய கணித உலகம் மனக்கண்ணில் தோன்றுகின்றது. நாடாக் கமராவைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பாதி மட்டுமே உண்மை. எழுதப்படும் செய்தி எண்களால் ஆனது. எழுதும் செயலோ இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று உராயும் பழைய பொறிமுறைச் செயலே. உராய்வு உள்ள இடத்தில் மசகு வேண்டும். மசகு உள்ள இடத்தில் அழுக்குச் சேரும்.

மினி டி.வி. நாடா ஆக்கப்படும் விதமும் கவனிக்கத்தக்கது. பழைய ஒலிநாடாக்களில் காந்தத் துகள்களைப் பசை போன்றதொரு பொருளிலே குழைத்துப் பிளாத்திக்குத் தாளின்மேற் பூசினர். மினி டி.வி. நாடாவிலோ பசை இல்லை. காற்று அகற்றப்பட்ட அறையிலே கோபால்ற்று என்னும் உலோகத்தை உருக்கி ஆவியாக்கி, அவ்வாவியைப் பொலியெஸ்ரர் தாளின்மேற் படியச் செய்கின்றனர். அடுப்பங்கரைச் சுவரிலே புகை படிவதைப் போல உலோகமே படலமாகப் படிகின்றது. அப்படலம் ஒரு மைக்ரோமீற்றரிலும் மிகக் குறைந்த தடிப்புடையது. அதனைக் காக்கும்பொருட்டு வைரத்தின் கடினத்தை ஒத்த கரிப் படலமொன்றும், அதற்கும் மேலே மசகுப் பொருளும் இடப்படுகின்றன. காந்தத் தலை உண்மையில் முதலில் தொடுவது இந்த மசகையே. தலைக்கும் உலோகப் படலத்துக்கும் இடையே இதனினும் தடித்த எதற்கும் இடமில்லை; ஒரு மைக்ரோமீற்றர் அளவான அழுக்கு நின்றாலே எழுத்து மங்கிவிடும்.

இவ்வகைக் கமரா சந்தைக்கு வந்த முதற் சில ஆண்டுகளில் படப்பிடிப்பாளரிடையே ஒரு செய்தி பரவியது. சோனியின் நாடாவில் உலர்ந்த தன்மையுள்ள மசகும், மற்சுஷிற்றாவின் பனசொனிக் நாடாவில் ஈரத்தன்மையுள்ள மசகும் இருக்கின்றன. ஒரே கமராவில் இரண்டையும் மாறி மாறி இட்டால் இரு மசகுகளும் கலந்து பிசினாகித் தலையை அடைத்துவிடும் என்பதே அச்செய்தி. சிலர் தம் கமராவில் அவ்வாறே நேர்ந்தது எனச் சத்தியம் செய்தனர். வேறு சிலர் பல பெயர் நாடாக்களைப் பல ஆண்டு கலந்து ஓட்டியும் ஒரு குறையும் காணவில்லை என்றனர். நிறுவனங்கள் பின்னர் தம் பாகத்தைத் திருத்திக்கொண்டன, ஆதலின் அச்சம் பழங்கதையாகிவிட்டது எனக் கூறியோரும் உளர்.

இவற்றுள் எது மெய்? செய்தி முழுப் பொய்யாகவும் தோன்றவில்லை. பரவிய அளவுக்கு அஞ்சத்தக்கதாகவும் தோன்றவில்லை. தையல் இயந்திரம் வைத்திருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இயந்திரத்துக்கென விற்கும் எண்ணெயை விட்டுவந்தவர், ஒருநாள் அது தீர்ந்துபோக, தேங்காயெண்ணெயை விடுவாராயின் இயந்திரம் அன்றைக்கு நன்றாகவே ஓடும். சில வாரங்களின் பின் உள்ளே பிசுபிசுப்பு ஏறி, சில்லு இறுகும். ஒவ்வோர் எண்ணெயும் தன்னளவில் குற்றமற்றது. ஒன்றின் மிச்சத்தின்மேல் மற்றொன்று ஏறும்போதே சிக்கல் பிறக்கின்றது. காந்தத் தலையில் ஒட்டும் மிச்சமும் அத்தகையதே. ஆனால் இன்னொன்றையும் மறத்தலாகாது. தலை அடைபடுவதற்குக் காரணங்கள் பல. தூசு, ஈரப்பதன், தேய்ந்த நாடா, பலமுறை அழித்து எழுதிய நாடா, நெடுநேரம் படத்தை அசையாது நிறுத்தி வைத்தல் ஆகிய எதுவும் காரணமாகலாம். புதுப்பெயர் நாடா இட்ட மறுநாள் தலை அடைபட்டால் பழி நாடாவின் பெயர்மீதே விழும்; முதல்நாள் கடற்கரையில் வீசிய மணற்காற்றை எவரும் நினைப்பதில்லை.

இருந்தும், ஒரே பெயர் நாடாவைத் தொடர்ந்து பயன்படுத்துக என்று அனுபவசாலிகள் கூறிய விதி நல்ல விதியே. அதற்கு அவர்கள் காட்டிய காரணம் ஐயத்துக்கு உரியதாயினும், விதியைக் கைக்கொள்வதனால் ஒரு சதமேனும் நட்டமில்லை. கைக்கொள்ளாது விட்டு, அச்செய்தி மெய்யாக இருந்துவிட்டால், நட்டம் பெரிது. செலவில்லாத காவலை வேண்டாமென்பது அறிவுடைமை அன்று.

ஆனால் இதே மனிதர்களில் ஒரு சாரார் மற்றொன்றையும் நம்பினர். விலை கூடிய நாடாவில் நிறம் துலங்கும், படம் கூர்மையாகும் என்பது அந்நம்பிக்கை. இது வி.எச்.எஸ். காலத்தின் எச்சம். அங்கே நாடாவின் தரத்துக்கு ஏற்பப் படத்தின் தரமும் மாறியது மெய். இங்கு நாடாவிற் பதிவது படமன்று, எண்கள். கணக்கொன்றைத் தங்கப் பேனாவால் எழுதினாலும் ஈயப் பென்சிலால் எழுதினாலும் கூட்டுத்தொகை ஒன்றே. மலிந்த நாடாவில் எழுதிய சிவப்பும் விலையுயர்ந்த நாடாவில் எழுதிய சிவப்பும் அணுவளவும் வேறுபடா. வேறுபாடு எழுத்து அழியும் இடங்களின் எண்ணிக்கையிலேயே உண்டு. படலத்தில் நுண்ணிய பழுதுள்ள இடத்திலே எண்கள் விழாது போகும். சிறு இழப்பை இயந்திரமே கணித முறையால் ஈடுசெய்துவிடும். ஈடுசெய்ய இயலாத இழப்பானால், முந்திய படத்தின் அதே பகுதியை எடுத்து ஒட்டி மறைக்கும். அதற்கும் மிஞ்சினால் திரையிலே சிறு சதுரங்கள் சிதறித் தோன்றும். உயர்தரம் என விற்கப்பட்ட நாடாக்களுக்குக் கொடுத்த மேலதிக விலை இப்பழுதுகள் குறைந்த பரப்புக்கான விலையேயன்றி அழகிய நிறத்துக்கான விலை அன்று. ஒருமுறை மட்டுமே நிகழும் காரியத்தைப் படம்பிடிப்போர் அவ்விலையைக் கொடுத்தது நியாயமே. பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுவதைப் பிடிக்கச் சாதாரண நாடா போதியதாயிருந்தது.

படத்தின் தரம் நாடாவின் பெயரிலே தங்கியிருக்கவில்லை என்பதற்குத் திரையுலகும் சான்று பகரும். டென்மார்க்கு நாட்டவரான தோமஸ் வின்ரபேர்க் நெறிப்படுத்தி 1998இல் வெளிவந்த பெஸ்ரன் என்னும் திரைப்படம், சோனியின் உள்ளங்கையளவான மினி டி.வி. கமராவினால் எடுக்கப்பட்டது. கான் திரைப்பட விழாவிலே நடுவர் குழுவின் பரிசும் பெற்றது. 2002இல் வந்த டானி பொயிலின் 28 டேய்ஸ் லேற்றர் என்னும் படத்தின் பெரும்பகுதி கனன் நிறுவனத்தின் எக்ஸ்.எல்.1 கமராவினாற் பிடிக்கப்பட்டது. கலியாண வீட்டுக்காரர் வாங்கிய அதே இனத்துச் சிறு பேழைகளே அங்கும் ஓடின.

நாடா அறுபது நிமிடத்ததா எண்பது நிமிடத்ததா என்னும் தேர்வே பெயரைத் தேர்வதிலும் முக்கியமானது எனலாம். எண்பது நிமிட நாடா அதே பேழைக்குள் அடங்கவேண்டுமாயின் மேலும் மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய நாடா சுருங்கவும் சிக்கவும் எளிது. நீளப்பதிவு என்னும் எல்.பி. முறையும் அத்தகைய சிக்கனமே. அறுபது நிமிட நாடாவில் தொண்ணூறு நிமிடம் பிடிக்கும்பொருட்டுத் தடத்தின் அகலம் 10இலிருந்து 6.7 மைக்ரோமீற்றராகக் குறைக்கப்பட்டது. அவ்வாறு பிடித்த நாடா, பிடித்த கமராவிலன்றி வேறொன்றில் ஓட மறுப்பதைப் பலரும் கண்டனர். 2003இல் எச்.டி.வி. என்னும் உயர்தெளிவு முறை அறிவிக்கப்பட்டு, அதே கசற்றுக்களில் அதுவும் எழுதப்பட்டபோது நாடாவின் பழுது மேலும் உறைத்தது. சாதாரண டி.வி. முறையில் ஒவ்வொரு படமும் தனித்து நிற்கும், எச்.டி.வி. முறையிலோ ஒரு படம் முன்பின் உள்ளவற்றைச் சார்ந்து நிற்கும். ஓரிடத்து இழப்பினாலே அரை வினாடிக் காட்சி உறைந்து நின்றுவிடும்.

தலை அடைபட்டதை அறியும் வழி எளிது. இலங்கையில் வழங்கும் பால் முறையில் ஒரு முழுப்படம் 12 தடங்களில் எழுதப்படுகின்றது. ஒவ்வொரு தடமும் படத்தின் ஒரு கிடைப்பட்டையைத் தாங்குகின்றது. தலைகள் இரண்டாதலின் ஒன்று விட்டு ஒன்றாக ஆறு தடங்கள் ஒரு தலைக்கு உரியவை. ஒரு தலை மட்டும் அடைபட்டால், திரையிலே பாய் விரித்தாற்போல ஒரு பட்டை அசையும், அடுத்த பட்டை உறைந்து நிற்கும். இதைக் கண்டதும் நாடா கெட்டுவிட்டது எனப் பேழையை எறிந்தவர்கள் உண்டு. கெட்டது நாடா அன்று, தலையில் அழுக்கு.

அதனை அகற்றுவதற்கெனத் துப்புரவுக் கசற் விற்கப்பட்டது. அதனுள் இருப்பது மெல்லிய அரத்தாள் போன்ற உலர்ந்த நாடா. ஐந்து முதல் பத்து வினாடிவரை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தி, குறை தீர்ந்ததா எனப் பார்க்கவேண்டும். தீராவிடில் மேலும் ஓரிருமுறை செய்யலாம். துப்புரவு நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் பயன்படுத்துதல் தகாது. ஏனெனில் தலையிலிருந்து எடுத்த அழுக்கு அதில் ஒட்டியிருக்கின்றது. நாள்தோறும் துப்புரவு செய்வோர் தம் கமராவின் தலையைத் தாமே அராவித் தேய்க்கின்றனர். பஞ்சும் மதுசாரமும் கொண்டு உருளையைத் துடைக்க முற்படுவதும் கைப்பழக்கமில்லாதோர்க்கு ஆகாது. தலையின் விளிம்பு அத்துணை மெல்லியது. ஒரு நூலிழை மாட்டினாலே ஒடியும்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பழைய கசற்றுக்களைக் கணினிக்கு மாற்ற விழையும் ஒருவரிடம் இருபது பேழைகள் உள்ளன எனக் கொள்வோம். சோனி சில, பனசொனிக் சில, ஜே.வி.சி., ரி.டி.கே., மக்செல் எனப் பெயர்கள் பல. இயங்கும் கமரா ஒன்றே ஒன்று. அதுவும் பழையது, பழுதுபட்டால் உதிரிப்பாகம் கிடைத்தல் அரிது. இந்நிலையிலே பழைய விதி புதிய உருவத்திற் பயன்படுகின்றது. பேழைகளைப் பெயர்வாரியாகப் பிரித்து அடுக்கி, ஒரு பெயரின் நாடாக்களை எல்லாம் ஓட்டி முடித்த பின்னரே அடுத்த பெயரைத் தொடங்குவது நன்று. பெயர் மாறும்போது ஒருமுறை, ஓரிரு வினாடிகள் மட்டும், துப்புரவு நாடாவை ஓடவிட்டால் முந்திய மசகின் மிச்சம் நீங்கும். கண்டபடி மாற்றி மாற்றி ஓட்டுவோருக்கு ஒவ்வொரு மாற்றத்திலும் துப்புரவு தேவைப்படலாம். அவ்வளவையும் அந்தப் பழைய தலை தாங்காது.

முதலில் ஓட்டவேண்டியது எது? பலர் ஆவல் மிகுதியால் அரும்பெரும் நாடாவையே முதலில் இடுவர். அது பிழை. பல ஆண்டு உறங்கிய கமரா நாடாவை விழுங்கிக் கசக்கவும் கூடும். இழந்தாலும் வருந்தத் தேவையில்லாத ஒரு பேழையை முதலில் முழுமையாக ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அதன்பின் அருமையான பேழைகளை ஒத்திவைக்காது ஓட்டவேண்டும். கமராவின் எஞ்சிய ஆயுள் எத்தனை மணி நேரம் என்பதை யார் அறிவார்? ஓட்டுமுன் பேழையின் விளிம்பிலுள்ள சிறு நகர்வுத் தாழ்ப்பாளை அழிப்புத் தடுப்புப் பக்கம் தள்ளிவிடுதல் அவசியம். பதிவுப் பொத்தானில் விரல் தவறிப் பட்டு, பத்தாண்டு காத்த காட்சியின்மேல் மேசை விரிப்பைப் பதிந்தவர்கள் இல்லாமலில்லை.

ஈழத்தின் வெக்கையும் ஈரமும் நாடாவுக்கு நல்லனவல்ல. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை வெளியே கொண்டுவந்ததும் உருளையின்மேல் நீராவி படியும்; ஈர உருளையில் நாடா ஒட்டிக்கொள்ளும். கமராவில் நீர்த்துளி அடையாளம் தோன்றி அது இயங்க மறுப்பது இதனாலேயே. பொறுமையாக ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் உலர்ந்துவிடும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பேழைகளில் மற்றொரு தொல்லையும் உண்டு. ரொறன்ரோவிலே பிடித்த கலியாணம் என்.ரி.எஸ்.சி. முறையில் பதிவானது, யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ பிடித்தது பால் முறையில் பதிவானது. பேழை ஒன்றுபோலவே இருக்கும்; ஒரு முறைக்குரிய கமரா மற்ற முறையின் பதிவைப் பெரும்பாலும் காட்டாது. என்.ரி.எஸ்.சி. முறையில் ஒரு படத்துக்குத் தடங்கள் பத்து, பால் முறையில் பன்னிரண்டு. கனடாவிலிருந்து வந்த நாடா இங்கு வெறுமையாகத் தோன்றினால் அதன் பெயரையோ தரத்தையோ குறைகூறுதல் நியாயமன்று. அதனைப் பிடித்தவர் ஊரிலேயே மாற்றச் செய்வது சுலபம்.

கணினிக்கு மாற்றும்போது பயர்வயர் என்னும் இணைப்பு வடத்தையே நாடவேண்டும். அது நாடாவிலுள்ள எண்களை உள்ளபடியே பிரதி செய்யும். அவ்வழியே ஒரு மணி நேரக் காட்சி ஏறக்குறைய 13 கிகாபைற்று இடத்தைப் பிடிக்கும். இன்றைய கணினிகளில் இவ்விணைப்புப் பெரும்பாலும் இல்லாமையால், பழைய கணினி ஒன்றையோ இதற்கென இயங்கும் ஒளிப்பதிவு நிலையத்தையோ தேடவேண்டியிருக்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளுள்ள சாதாரண வடத்தினாலும் மாற்றலாம்; ஆனால் அவ்வழியில் எண்கள் அலைகளாகிப் பின் மீண்டும் எண்களாகும்போது தெளிவு குறைந்துவிடும். வேறு வழி இல்லாதவருக்கு அதுவும் நன்றே. நிலையத்தில் ஒப்படைப்போர் சிறிய கோப்பாகச் சுருக்கித் தருவதை மட்டும் ஏற்காது, சுருக்காத மூலக் கோப்பையும் கேட்டு வாங்கி, இரண்டு வெவ்வேறு வன்தட்டுக்களில் வைத்தல் வேண்டும். பேழையை அதன்பின்னும் எறியாது, நாடாவை முழுவதும் பின்னோக்கிச் சுற்றி, உறையிலிட்டு நிமிர்த்தி, ஒலிபெருக்கியின் காந்தத்துக்கும் சமையலறை ஈரத்துக்கும் எட்டாத இடத்தில் வைக்கலாம்.